பதினோரு டாலர்

காலை 10:25. பின்னறைப் பாயிலிருந்து எழுந்து வந்த ரோடெல், கண்ணைக் கசக்கிக்கொண்டே தன் மடிக்கணினி முன் உட்கார்ந்தான். திரையின் மூலையில் பதினொன்று என்றிருந்தது. ஒன்பது மணிக்கு அவன் தூங்கப் போகும்போது அங்கே இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து இருந்தது. எல்லாம் டாலர்.

அவன் கத்தவில்லை. பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊர்க்காரர்கள் சண்டையில்கூடக் குழந்தையைத் தூங்க வைப்பது போலத்தான் பேசுவார்கள். பக்கத்தை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தான். எண் மாறவில்லை. பிறகு மனைவி அனாலினுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீதானே ஆடின?"

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ரோடெல் மூன்று முறை சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போய் வந்தவன். நாலாவது முறை போக மாட்டேன், இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னபோது அனாலின் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா சேவல் சண்டையில் மீன்பிடிப் படகைத் தொலைத்த மனுஷர். "ஆடு. ஆனா ஒரு வரம்பு வெச்சுக்கிட்டு ஆடு. அதைத் தாண்டின அன்னைக்கே கப்பல்," என்றாள். வரம்பை ரோடெலே வைத்தான். கையிலிருக்கும் முதலில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை. ஐம்பது டாலரில் தொடங்கி, ஒரு டாலர் மேசையில் உட்கார்ந்து, பதினாலு மாதத்தில் அதை இரண்டாயிரத்துச் சொச்சம் ஆக்கியிருந்தான். ஆனால் இன்று காலை அந்தப் பணம் முழுக்க ஒரு பெரிய மேசையில், ஒரே எதிராளியிடம், நாற்பது நிமிஷத்தில் போயிருந்தது. விளையாட்டு நடந்தது ரோடெலின் சொந்த மடிக்கணினியில். அவன் தூங்கினான் என்பதற்கு அவனே சாட்சி.

நண்பகலுக்குள் அனாலின் அவனுடைய கப்பல் பையை எடுத்துச் சட்டைகளை அடுக்கிவிட்டாள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் நாலு மணி வரை திறந்திருக்கும். அவளுக்கு ஏழாவது மாதம். அங்கே ஒப்பந்தத்தில் ரோடெல் கையெழுத்துப் போட்டால் குழந்தை பிறக்கும்போது அவன் ஏதாவது ஒரு கடல் நடுவில் இருப்பான். அது தெரிந்துதான் அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் மனசு கேட்காமல் தன் பெரியம்மா மகளுக்கு போன் செய்தாள்.

பெரியம்மா மகள் லிகாயா காவல் நிலையத்தில் சார்ஜென்ட். அன்று அவளுக்கு விடுமுறை. ரப்பர் செருப்பும் பூப்போட்ட சட்டையுமாக, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். ஓட்டி வந்த பாதோங்கிடம் இருபது பெசோ நோட்டை நீட்டினாள்.

"அஞ்சு பெசோ மீதி இருக்கட்டும் மேடம், அப்புறம் தரேன்," என்றான் பாதோங்.

"அப்புறமா? இப்பவே எடு."

"சில்லறையே இல்ல மேடம். காலையில ஒருத்தன் சர்ச்சுக்குப் போக ஏறினான். பதினஞ்சு பெசோ சவாரிக்கு நூறு நோட்டைக் குடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டான். இன்னைக்கு எனக்கு நல்ல நாள்."

"எனக்கு இல்ல," என்று சொல்லி அந்த ஐந்து பெசோவை வாங்காமலே நடந்தாள் லிகாயா. அது அவளை உறுத்தத்தான் செய்தது.

ரோடெலும் இரண்டு கூட்டாளிகளும் வாடகைக்கு எடுத்திருந்த அறை ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் இருந்தது. அமெரிக்காவில் ஆட்கள் குடித்துவிட்டு ராத்திரியில் ஆடும் நேரம் இவர்களுக்குக் காலை. அதனால் விடியும்போதே வேலைக்கு வந்துவிடுவார்கள். கீழே கடை நடத்தும் நாங் பாசிங்குக்கு மாடியைப் பற்றிப் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது.

"மூணும் கஞ்சப் பசங்க," என்றாள் அவள், லிகாயாவின் கையில் ஒரு சூடான ரொட்டியைத் திணித்து. "சூதாடுறவன் ஜெயிச்சா பக்கத்துல நிக்கிறவங்க கையில பலாத்தோன்னு கொஞ்சம் வெக்கணும். வெக்காட்டி வந்த அதிர்ஷ்டம் வந்த வழியே போயிடும். ரோடெல் வாரத்துக்கு ஒரு தடவை இருபது பெசோ வெப்பான். எல்பிடியோ ஜெயிச்சாத்தானே வெக்கிறதுக்கு? அந்த ஒல்லிக்குச்சி வெண்டெலை எடுத்துக்கங்க. வண்டிக்குக் காசு குடுக்க மனசில்லாம எங்கயும் நடந்தேதான் போவான். நேத்து ரெண்டு பெசோ மீதி குறையுதுன்னு மாடியிலேர்ந்து இறங்கி வந்து கேட்டு வாங்கிட்டுப் போனான்."

"இன்னைக்குக் காலையில மேல சத்தம் ஏதும் கேட்டுதா?"

"எங்க கேட்டுது? பத்து மணி இருக்கும், வெண்டெல் இறங்கி வந்தான். நாப்பது பெசோவுக்கு ரொட்டி வாங்கினான். ஐநூறு நோட்டு. நான் மீதியை எண்ணுறதுக்குள்ள ஆள் போயாச்சு. கேட்டா குடுக்கலாம்னு டப்பாவுல தனியா வெச்சிருக்கேன். அவ்வளவுதான் நடந்துச்சு. அடுத்த அரை மணியில ரோடெல் பேய் அறைஞ்ச மாதிரி இறங்கி வர்றான்."

லிகாயா ரொட்டியைத் தின்றுகொண்டே படியேறினாள்.

மதியம் 1:10. அறையில் மூன்று மேசைகள், மூன்று திரைகள், ஒரு மின்விசிறி. ரோடெல் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க லிகாயாவுக்குப் பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"திரையைப் பூட்டாமத்தான் தூங்கப் போனியா?"

"இங்க யாரும் பூட்ட மாட்டோம் மனாங். ஒருத்தர் ஆட்டத்தை ஒருத்தர் பார்த்துத்தானே கத்துக்கிறோம்." மனைவியின் அக்காவை அவனும் மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"தூக்கக் கலக்கத்துல எழுந்து ஆடியிருப்பியோ?"

"நீங்களுமா மனாங்?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்தது எல்பிடியோ. தடித்த ஆள், நரைத்த தாடி. ரோடெலுக்கு நூற்றிருபது டாலர் தர வேண்டியவன். அவன் மேசை சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

"ஏன் சுவரைப் பார்த்து உட்கார்றீங்க?"

"இந்தப் பக்கம் திரும்பினா ரோடெலோட பணம் கண்ணுல படும் மேடம். அப்புறம் எனக்கு ஆட்டம் ஓடாது."

"காலையில?"

"போட்டி ஆட்டம். ரெண்டு காதையும் அடைச்சிட்டு பாட்டுக் கேட்டுட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால யானை ஆடியிருந்தாலும் தெரியாது."

"உங்களுக்குப் பணமுடை இருக்கு. ரோடெல் தோத்த வெறியில சூடாகி ஆடித் தொலைச்சான்னு அனாலினே சொல்றா. நீங்களும் அதைச் சொல்லிட்டா உங்களுக்கு வேலை முடிஞ்சுது."

எல்பிடியோ தாடியைச் சொறிந்தான். "சொல்லலாம். ஆனா அது பொய்யாயிடும். சூடாகித் தோக்கிறதுல இந்த ஊர்லயே நான்தான் பெரிய ஆளு. ஆறு தடவை முதல் பணத்தையே ஒழிச்சிருக்கேன். சூடானவன் நாலு மேசையை ஒண்ணாத் திறப்பான். எதிராளியைக் கெட்ட வார்த்தையில திட்டுவான். ஒரே சுத்துல மொத்தத்தையும் நடுவுல தள்ளுவான். இது அப்படி இல்ல. அந்த ஆட்டத்தோட பதிவை அப்புறம் பார்த்தேன். இருபது சுத்து, ஒவ்வொண்ணுலயும் நூறு நூத்தம்பதுன்னு பங்கு வெச்ச மாதிரி போயிருக்கு. ஒவ்வொரு தடவையும் நிதானமா யோசிச்சுத் தோத்திருக்கான். இது யாரோ வேணும்னே எடுத்துக் குடுத்த காசு மேடம்."

"அப்படின்னா இந்த அறையில இருந்தது நீங்களும் வெண்டெலும்தான். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும். ரோடெல் என்னைப் பத்தி ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. நான் எப்படிச் சொல்றது?"

கடைசியாக வெண்டெல். இருபத்தாறு வயசு, ஒல்லி, தோய்த்து மடித்த சட்டை. பதில்கள் தெளிவாக வந்தன.

"பத்து மணிக்குள்ள மூணு மேசை ஆடி மூணுலயும் தோத்தேன் மேடம். மூணு தோத்தா அன்னைக்கு நிறுத்திடணும், அது என் விதி. மூடிட்டு ரொட்டி வாங்கக் கீழே போனேன்."

"போறப்போ ரோடெலோட கணினி?"

"கவனிக்கல. எல்பிடியோ மட்டும் இருந்தாரு."

"நீ என்ன நினைக்கிறே?"

வெண்டெல் குரலைத் தாழ்த்தினான். "பாவம் மேடம். பதினாலு மாசம் அடக்கி வெச்சிருந்தான். எல்லாருக்கும் ஒரு நாள் சூடு ஏறத்தான் செய்யும். அவனைத் திட்டாதீங்க."

லிகாயா தலையாட்டினாள். ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாதோங்கைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் மாடி ஜன்னல் பக்கமே கையை நீட்டிக் காட்டினான். அவளுக்கு அது போதும்.

மதியம் 2:30. எல்லாரையும் ரொட்டிக் கடைக்கு இறங்கி வரச் சொன்னாள். அனாலினும் வந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றாள். ரோடெல் அவளைப் பார்த்தான். அவள் பையைப் பார்த்தாள்.

"நாங் பாசிங், அந்த மீதியை எடுங்க."

நானூற்று அறுபது பெசோ மேசைக்கு வந்தது.

"மறந்துட்டேன்," என்றான் வெண்டெல்.

"சரி. வண்டிக்காரன் பாதோங்கிட்ட விட்ட எண்பத்தஞ்சு?"

"அதுவும்... அவசரத்துல."

"அவசரமா எங்க போனே? சர்ச்சுக்கு. மூணு மேசை தோத்தவன், தினமும் எல்லா இடத்துக்கும் நடந்தே போறவன், இன்னைக்கு வண்டி பிடிச்சு மெழுகுவத்தி கொளுத்தப் போயிருக்கான்." லிகாயா இன்னொரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். "முதல்ல ரோடெலைப் பார்ப்போம். ரோடெல் ஆடலைன்னு எனக்குச் சொன்னது எல்பிடியோ. அவர் திருடியிருந்தா ரோடெல்தான் சூடாகிட்டான்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. அது இல்லைன்னு சொல்லித் தன் கழுத்துலயே கயித்தை மாட்டிக்கிட்டாரு. நீ அந்தச் சூட்டுக் கதையை, நான் அந்தப் பேச்சே எடுக்காதப்போ, நீயே ஊதிக் குடுத்தே."

"அது என் அபிப்பிராயம் மேடம்."

"இருக்கட்டும். ரெண்டு பெசோவுக்கு மாடி இறங்கி வர்றவன் ஒரே காலையில ரெண்டு இடத்துல ஐநூத்தி நாப்பத்தஞ்சை மறக்க மாட்டான். மறக்கல, குடுத்திருக்கே. அது பலாத்தோ. வாயைத் திறந்து பலாத்தோன்னு சொன்னா, ஜெயிச்சதை ஒத்துக்கணும். குடுக்காம விட்டா வந்தது கையில நிக்காதுன்னு பயம். அதனால மறந்த மாதிரி குடுத்துட்டு ஓடினே."

நாங் பாசிங் டப்பாவைப் பார்த்தாள், பிறகு வெண்டெலைப் பார்த்தாள். "அடப்பாவி. எனக்கே தெரியாம எனக்கு பலாத்தோவா?"

"தோத்தவன் பலாத்தோ வெச்சு நான் பார்த்ததில்ல," என்றாள் லிகாயா. "காலையில மூணு மேசை ஆடினதாச் சொன்னே. உன் கணக்கைத் திற. அந்த மூணு தோல்வியைக் காட்டு, நான் மன்னிப்புக் கேட்டுட்டு இப்படியே போயிடுறேன்."

வெண்டெல் கையில் போன் இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. மேசைமேல் வைத்தான்.

"இன்னொரு கணக்கு இருக்கு. என் மச்சான் பேர்ல," என்றான். "ஒரு கையில அவன் கணினி, இன்னொரு கையில போன். இன்னும் ஒரு டாலர்கூட எடுக்கல."

"ஏன்டா?" ரோடெல் கேட்டான். அதிலும் கோபம் இல்லை. அதுதான் வெண்டெலைப் பேச வைத்தது.

"நாம ஒரே நாள்ல ஆரம்பிச்சோம். எனக்கும் ஐம்பது டாலர்தான். விதியை மீறாம இரு, முதல் தானா வளரும்னு நீதான் சொன்னே. ஒரு நாள்கூட நான் மீறல. ரொட்டியைக்கூட எண்ணித்தான் தின்னேன். உனக்கு ரெண்டாயிரம். எனக்கு அறுபத்தி மூணு." அவன் கண் கலங்கியது. "நீயும் ஒரு நாள் மீறினவன்னு எல்லாரும் சொன்னா எனக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். பணம் அப்புறம்தான்."

ரோடெலுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது, இரக்கமும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. லிகாயா போனையும் பெசோ நோட்டுகளையும் ஒரு ரொட்டிப் பையில் போட்டுக் கட்டினாள். நாங் பாசிங் நோட்டுகள் போவதை வருத்தத்தோடு பார்த்தாள்.

"விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதறேன்," என்றாள் லிகாயா. "ரெண்டு கணக்கையும் முடக்குவாங்க. விசாரிக்க மூணு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். முழுசா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். வெண்டெல், ஸ்டேஷனுக்கு நட. வண்டிக்குக் காசு நான் தர மாட்டேன்."

அவர்கள் போன பிறகு எல்பிடியோ மாடிக்குப் போய்விட்டான். நாங் பாசிங் அடுப்பு வேலையில் மூழ்கியவள் போல் முதுகைக் காட்டி நின்றாள். காது மட்டும் இந்தப் பக்கம்தான்.

அனாலின் வாசலை விட்டு உள்ளே வந்தாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

"பதினோரு டாலர் இருக்குன்னியே," என்றாள். "அதை வெச்சு இப்போ ஆடலாமா?"

"முடியாது."

"ஏன், சின்ன மேசை இருக்கே?"

"சின்ன மேசைக்கே ஒரு டாலர். அதுல உட்காரணும்னா ஐம்பது இருக்கணும்."

"எல்பிடியோ அண்ணன் உனக்குத் தர வேண்டியதுல கொஞ்சம் குடுத்தா?"

"குடுத்தா கையில வந்த அப்புறம் பார்க்கலாம். இப்போ பதினொண்ணுதான்."

"கடன் வாங்கினா?"

"கடன் முதல் ஆகாது."

"ஒரே ஒரு தடவை? விட்டதைப் பிடிக்க?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "முடியாது அனாலின். நீ கையெழுத்துப் போடச் சொன்னா போடறேன். அதை ஆட முடியாது."

அனாலின் பையை ரொட்டி மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். காலையில் அவனை நம்பாமல் போனதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நாங் பாசிங்," என்று கூப்பிட்டாள். "மாவு பிசைய ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தீங்களே. இவருக்கு இன்னும் முப்பத்தொன்பது டாலர் வேணும்."

"விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து வரணும்," என்றாள் நாங் பாசிங், திரும்பாமலே.

"வருவாரு. அவர் எப்பவும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாரு," என்று சொல்லி அனாலின் கடைசிச் சட்டையையும் எடுத்து மடித்து வைத்தாள்.