ஷிகேமத்சுவின் மரணப் படம்

"வீ...ல்...!"

எடோ நகரத்து நாடகக் கொட்டகைத் தெருவே திரும்பிப் பார்த்தது.

அலறியவள் டோஃபு விற்கிறவள். அவள் விரல் நீண்ட திசையில், பெண் வேஷத்துக்குப் பேர்போன நடிகர் ஷிகேமத்சு விசிறியோடு நின்றிருந்தார்.

"நீங்க... செத்துட்டீங்களே?"

"எப்போ?"

"இன்னிக்குத்தான்."

கையிலிருந்த படத்தை நீட்டினாள். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த வண்ணப் படம். மை கூடக் காயவில்லை.

செத்தவர்களுக்கு வரையும் வெளிர்நீல உடையில், ஜெபமாலையோடு ஷிகேமத்சு! பக்கத்தில் இறந்த தேதி...

இன்றைய தேதி!

நடிகர் செத்தால் ஊருக்கு மரணப் படம் வேண்டும். முந்திப் போடுகிற கடைக்குத்தான் வியாபாரம். அதற்காக ஆள் சாவதற்கு முன்பேயா?

ஷிகேமத்சு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ தன்னை இன்று கொல்லப் போகிறார்கள்... பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.

படத்தின் மூலையில் பதிப்பாளர் முத்திரை. கியூபெய்! மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டு, சரியாக நறுக்காவிட்டால் ஆளையே கொல்லும் பேத்தை மீனை விருந்து வைத்த அதே கியூபெய்.

காவலர் தொக்குஜியை இழுத்துக்கொண்டு ஓடினார்.

கியூபெய் கடையில் கூட்டம் மொய்த்தது. கல்லாவிலிருந்து நிமிர்ந்த கியூபெய்யின் முகம் வெளுத்தது.

"இவர் செத்துட்டார்னு யார்யா சொன்னது?" என்றார் தொக்குஜி.

"மத்தியானம் பேத்தை மீன் சாப்பிட்டார்... வழியில விழுந்துட்டார்னு சேதி வந்துது. உடனே படம் போட்டேன்."

"உடனேயா? ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கணும். உன் ஆளுங்களுக்கு எத்தனை கை?"

கியூபெய் கல்லாவை இழுத்து மூடினார். தொக்குஜி விடவில்லை.

"படம் முதல்ல. விருந்து அப்புறம். மீனோட நஞ்சு ஈரலையும் சேத்து வெச்சே... அப்படித்தானே?"

"என்ன பண்றதுங்க? உயிரோட இருக்கறவரைக்கும் இவர் படம் விக்க மாட்டேங்குது."

கொல்லப் பார்த்ததைவிட ஷிகேமத்சுவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"ஆனா உங்க தட்டு காலியா இருந்துதே..." கியூபெய் அவரிடம் முனகினார். "யாராவது பாத்தா சாப்பிட மாட்டீங்கன்னுதானே நான் எழுந்து வெளிய போனேன்?"

"நீங்க போனீங்க, சரி. உங்க சமையக்காரம்மா கதவோரமா எட்டிப் பாத்துட்டே நின்னாங்களே! பெண் வேஷக்காரன் வாயத் தொறந்து மெல்லறத நாலு பேர் பாத்தா, அப்புறம் மேடையில எவன் என்னைப் பொண்ணுன்னு நம்புவான்? அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் மொத்த மீனையும் உங்க தட்டுல தள்ளிட்டேன். நீங்கதான் திரும்பி வந்து, பேசிக்கிட்டே ருசிச்சு சாப்பிட்டீங்க."

கியூபெய் மெதுவாக உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கிள்ளியும் பார்த்தார்.

"ஐயா... உதடு மரத்துப் போச்சு..."

தொக்குஜி வைத்தியரைக் கூட்டி வர ஓடினார்.

ஷிகேமத்சு விசிறியை விரித்தபடி, திகைத்து நின்ற பலகை செதுக்குபவரிடம் குனிந்தார்.

"எதுக்கும் தயாரா இருங்க. புதுப் பலகை வேணாம்... தலைய மட்டும் மாத்தினாப் போதும்."