மாமியார் உள்நுழைந்தார்

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு மருமகள் வெறுங்கூடையோடு கூடத்துக்கு இறங்கி வந்தாள். கணவன் தட்டில் கை வைத்தபடி செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் அவன் தங்கை, முந்தின நாள் சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கிய நாத்தனார், சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"அண்ணி, எங்கே போயிருந்தீங்க?"

"மாடிக்கு. ஏன், என்ன ஆச்சு?"

கணவன் செல்பேசியை அவள் பக்கம் திருப்பினான். 'உங்கள் தாயார் இப்போது உள்நுழைந்திருக்கிறார்' என்றது முதல் செய்தி. 'விண்ணப்பம் மறுக்கப்பட்டது' என்றது அடுத்தது. 'உங்கள் தாயார் வெளியேறிவிட்டார்' என்றது மூன்றாவது.

தாயார் வெளியேறவும் இல்லை, உள்நுழையவும் இல்லை. போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்தவர் பின்னறைக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். பேச்சு இல்லை. கூப்பிட்டால் கண் திரும்புவதும் இல்லை. அம்மாவுக்கு நினைவு திரும்பாது என்று டாக்டர் சொல்லி மாதங்களாகிவிட்டன. ஆனால் இந்தச் செய்திகளை அனுப்பும் முதியோர் நல இணையதளமோ, அவர் தினமும் வந்து போவதாகச் சாதிக்கிறது!

கடவுச்சொல் காலமாக இருந்தால் இதில் ஆச்சரியமே இல்லை. மாமியாரின் கடவுச்சொல் மகளின் செல்லப்பெயர். அந்த வீட்டில் அது தெரியாதது பூனைக்கு மட்டும்தான். மின்கட்டணத்திலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் யார் வேண்டுமானாலும் மாமியாராக நுழைந்து வேலையை முடித்துவிட்டு வருவார்கள். பிறகு அடையாள அட்டை வந்தது. அட்டையைச் செருக வேண்டும், ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் நுழையலாம். அட்டை எப்போதும் கட்டிலோரத் தட்டில் இருக்கும் டேப்லெட் கணினியிலேயே செருகியிருந்தது, வந்து போகும் நர்ஸ் குறிப்பெழுத அது வேண்டும் என்பதால். எண் மட்டும் மாமியாரின் தலைக்குள் இருந்தது. அவரோடு அதுவும் முழுகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அம்மாவை நல்ல முதியோர் இல்லத்துல சேர்க்கலாம்னு நான் விண்ணப்பம் போடறேன். அம்மா பதில் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துப்பாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அம்மா அட்டையிலேர்ந்தே மறுப்பு வருது!" நாத்தனாரின் குரல் உடைந்தது. "வீடு அம்மா பேர்ல இருக்கு. அம்மா இங்கே இருக்கற வரைக்கும்தான் உங்க அதிகாரம். அதுக்காக நினைவில்லாத மனுஷி பேர்ல திருட்டுத்தனமா... எண்ணை எப்போ பார்த்து வச்சீங்க அண்ணி?"

"என்ன பேசறே நீ!" மருமகளின் கையிலிருந்த கூடை நழுவியது. "எனக்கு அந்த எண் தெரியாது. சத்தியமா தெரியாது!"

"அப்போ யார் அழுத்தறா? பேயா?"

மருமகள் குனிந்து கூடையை எடுத்தாள். சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்த அறையில் ஏதோ நடக்கிறது. மாமியாரின் இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அவள் துணி காயப்போடப் போவாள். திரும்பி வந்தால் இடது கை மட்டும் வெளியே கிடக்கும். டேப்லெட்டின் கண்ணாடியில் ஈரமாக ஒரு விரல் தடம் இருக்கும். துடைப்பாள், மறுநாள் மறுபடியும் இருக்கும். சமையலறையில் நிற்கும்போது சில நேரம் பின்னறையிலிருந்து 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஜன்னல் திரைகூட அசையாது. மாமியாரின் கண்கள் கூரையில் இருக்கும். பட்டப்பகலில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

பயத்தை விரட்டத்தான் அவள் மாமியாரிடம் இன்னும் உரக்கப் பேசினாள். பேச்சு என்றால் கொஞ்சல் இல்லை, திட்டுதான். மாமியாருக்குப் பேச்சு இருந்த காலத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள். மாமியார் வாய் மூடிய பிறகுதான் இவள் வாய் திறந்தது. உடம்பு துடைக்கும்போது ஒரு வருஷத்துக் கணக்கு, நகம் வெட்டும்போது இன்னொரு வருஷத்துக் கணக்கு.

எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 'எக்ஸ்சேஞ்ச் அம்மா' என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. யார் யாரோடு பேசினாலும் மூச்சுக் காட்டாமல் லைனில் இருந்து கேட்டுவிடுவார் என்று சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவர், மருமகளின் அம்மா போய்விட்டாள் என்று வந்த போனை எடுத்துக் கேட்டுவிட்டு, மகளின் நிச்சயதார்த்தம் முடிகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. இவள் விருந்தாளிகளுக்குச் சிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பிறகு பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்த கை, எனக்கு மட்டும் போடலையே அத்தை!" என்று அந்த இடது கையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். "நீங்க போனா என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது, பார்த்துக்கோங்க!"

நாத்தனாரிடம் அவள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. தன் நல்ல நாளில் அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்! அந்தப் பெண்தான் இப்போது அவளைத் திருடி என்கிறது.

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னங்க... நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்!"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தெரியாத்தனமா ஏதாவது அழுத்திட்டியோ என்னவோ... கோபப்படாதே. விசாரணை கிசாரணைன்னு ஆளுங்க வந்தா வம்பு. கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாயேன்."

இதற்கு முன்னால் நாத்தனார் சொன்னதெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. இத்தனை வருஷம் கூடவே உண்டு உறங்கிய மனிதன், ஒரு செல்பேசியை நம்புகிறான், அவளை நம்பவில்லை! அழக்கூட வரவில்லை. உள்ளே போய் ஒரு பையில் நாலு புடவையை அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நான் கிளம்பறேன். பத்து மணிக்கு அத்தைக்குக் கஞ்சி. சூடு பார்த்துக் கொடுங்க, அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. திருப்பிப் படுக்க வைக்க மறந்துடாதீங்க, முதுகு புண்ணாயிடும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "யாராவது பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. திட்டினாலும் பரவாயில்ல, பேசுங்க."

"நில்லுங்க அண்ணி." நாத்தனார் தன் செல்பேசியை எடுத்தாள். "நீங்க போறதுக்குள்ள ஒரு தடவை அனுப்பறேன். நாம மூணு பேரும் இங்கேதான் இருக்கோம். இப்போ எந்தப் பேய் வந்து மறுக்குதுன்னு பார்த்துடலாம்!"

அனுப்பினாள். செல்பேசியை மேசை நடுவில் வைத்தாள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனாரின் உதட்டில் 'பார்த்தீங்களா' என்று சொல்ல வந்த கோணல் அப்போதுதான் எழுந்தது.

பின்னறையிலிருந்து சத்தம் வந்தது.

டிக்... டிக்...

கணவனின் செல்பேசி ஒலித்தது. 'உங்கள் தாயார் இப்போது உள்நுழைந்திருக்கிறார்.'

"அண்ணா..." நாத்தனார் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளே யாரு?"

யாரும் நகரவில்லை. கடைசியில் மருமகள்தான் பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். பின்னால் இரண்டு பேரும் அவள் முதுகை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கதவைத் தள்ளினாள்.

செருகி வைத்த போர்வை ஓரம் விலகியிருந்தது. இடது கை கட்டிலோரத் தட்டின் மேல் கிடந்தது. மற்ற உடம்பெல்லாம் உறங்க, ஆள்காட்டி விரல் மட்டும் விழித்துக்கொண்டதுபோல் கண்ணாடியின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. மாமியாரின் கண்கள் கூரையில் இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்கள் வரட்டும் என்று காத்திருந்ததைப் போல.

"அம்மா!" என்று நாத்தனார் அலறினாள்.

விரல் நிற்கவில்லை. திரையில் 'மறுக்கிறேன்' என்ற கட்டம் தெரிவாகியிருந்தது. அதற்குக் கீழே காரணம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தப்பி, அழித்து, விரல் எழுதியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள்.

'என் மருமக இன்னும் திட்டி முடிக்கல.'

மருமகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கேட்டுட்டீங்களா... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேவா இருந்தீங்க? ஐயோ, நான் என்னென்னவோ சொன்னேனே அத்தை... அழமாட்டேன்னுகூடச் சொன்னேனே!" சொல்லும்போதே அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, கை வந்துடுச்சுன்னு ஏம்மா காட்டிக்கவே இல்ல?" மகன் தேம்பினான்.

'நீ வாசப்படியில நின்னு பார்த்துட்டுப் போயிடுவே' என்று எழுதியது விரல். கொஞ்சம் நின்றது. பிறகு, 'இவ ஒருத்திதான் பேசுவா. கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா.'

நாத்தனார் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இன்னும் ஓயவில்லை. இந்த முறை நெடுநேரம் எடுத்தது.

'அந்த போனை அன்னிக்கே உன்கிட்ட கொடுத்திருக்கணும்.'

"எந்த போன்?" என்றாள் நாத்தனார், முகத்திலிருந்து கையை எடுத்து.

"ஒண்ணுமில்ல, விடு" என்றாள் மருமகள்.

ஆனால் மாமியாரின் கண்கள் மகளிடம் திரும்பின. விரல், 'உன் நிச்சயத்தன்னிக்கு இவ அம்மா போயிட்டா. மறைச்சேன்' என்று எழுதி முடித்தது.

நாத்தனாரின் கை தன் கூந்தலுக்குப் போனது. அன்றைக்குத் தன் தலையில் பூ வைத்துவிட்ட கை எது என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஓடி வந்து அண்ணியின் மடியில் விழுந்தாள். "அண்ணி! திருடின்னு சொன்னேனே... என் வாய் அழுகிப் போகட்டும் அண்ணி!"

"சீ, என்ன பேச்சு இது" என்று மருமகள் அவள் தலையைத் தடவினாள். "போய் அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடு. அண்ணனையும் கூட்டிட்டுப் போ. அவர் என் பையைத் தூக்கி உள்ளே வைக்கட்டும்."

அண்ணனும் தங்கையும் கூடத்துக்குப் போன பிறகு அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். இடது கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் அந்தக் கையைப் போர்வைக்குள் வைப்பதாக இல்லை. மாமியாரின் விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைப் பற்றின.

"இன்னும் பாதிகூட ஆகல அத்தை" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கேட்டுக்கிட்டே சும்மா கிடந்தீங்களே, அதுக்கே தனியாத் திட்டணும்..."

கூடத்தில் செல்பேசி ஒலித்தது.

'உங்கள் தாயார் வெளியேறிவிட்டார்.'

அதைப் படித்த கணவன், "அம்மா!" என்று கத்திக்கொண்டு பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தொடுவதற்கு ஆளில்லாமல் டேப்லெட்டின் திரை தானாக அணைந்திருந்தது. அம்மாவின் கை மருமகளின் கைக்குள் இருந்தது.

"கத்தாதீங்க" என்றாள் மருமகள். "அத்தை கேட்டுக்கிட்டிருக்காங்க."