வெள்ளையப்பனின் எட்டு வாரிசுகள்

செல்போன் அலறியது!

காளியண்ணன் கையிலிருந்த வெள்ளெலி துள்ளி விழுந்து, மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஓடி ஒளிந்தது.

திரையில்… போலீஸ் ஸ்டேஷன் நம்பர்!

"அலோ…"

"எஸ்.ஐ. சுகந்தி பேசறேன். முருகானந்தம் வீட்ல காணாமப்போன வெள்ளைப் பாம்பு கேஸ்… எட்டு மாசமாச்சு. கண்டுபிடிக்க முடியலைன்னு முடிச்சுடறோம். மலையில பாம்பு வளக்கிற மத்த நாலு பேரும் ஒரு கையெழுத்துப் போடணும். பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்துடுங்க."

"வாரேனுங்க மேடம்!"

போனை வைத்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரணம், அந்த வெள்ளைப் பாம்பு அவன் காலடியில்தான் இருந்தது! தெர்மாகோல் பெட்டிக்குள், பல்பு சூட்டில் பந்தாகச் சுருண்டு.

வெள்ளையப்பன். ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அரசாங்கத்தில் பதிந்து வளர்க்கிற, பரம சாது. பழுப்பு நிறத்தில் பிறக்க வேண்டிய இனத்தில் அபூர்வமாய்ப் பிறந்த அல்பினோ. வெள்ளை உடம்பு, மஞ்சள் திட்டு, சிவப்புக் கண்!

காளியண்ணனும் முருகானந்தமும் ஒரே வருஷம், ஒரே வியாபாரியிடம் பாம்பு வாங்கியவர்கள். இவன் வீட்டில் பொரிந்ததெல்லாம் பழுப்பு. அவர் வீட்டில் மட்டும் ஒரு வெள்ளை!

அவ்வளவுதான். முருகானந்தம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. 'சர்ப்ப மரபியல் சக்கரவர்த்தி' என்று பட்டம் வந்தது. கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். அவர் மனைவி பொருளாளர்.

காளியண்ணன் வெந்தான். திருடினான். தன் பழுப்புப் பெட்டையோடு வெள்ளையப்பனைச் சேர்த்தான். எட்டு முட்டை. எட்டும் பொரிந்தன.

எட்டும்… பழுப்பு! சாணி உருண்டைபோல!

அன்றிலிருந்து வெள்ளையப்பனைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டியது.

"ஏனுங்க…" வாசலில் மனைவி பொன்னாயி. "பத்து நிமிசம் வாய மூடிக்கிட்டு நின்னுட்டு வந்துருங்க. அந்த மனுசன் என்ன பீத்துனாலும் காதுல வாங்காதீங்க."

"நானென்ன சின்னப் புள்ளையா?"

"நேத்து டிவில அவரப் பாத்துட்டு ரிமோட்ட ஒடச்சது யாருங்க?"

காளியண்ணன் பைக்கை உதைத்தான்.

*

முருகானந்தத்தின் கூடத்தில் எஸ்.ஐ. சுகந்தி ஃபைலை விரித்து வைத்திருந்தாள்.

"வாப்பா காளியண்ணா!" முருகானந்தம் கோட்டை நீவிக்கொண்டார். "இன்னும் பழுப்புப் பாம்பையே மேச்சுக்கிட்டு இருக்கியா?"

காளியண்ணன் பல்லைக் கடித்தான். பேனாவை எடுத்தான்.

ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் ஜென்மத்துக்கும் யாரும் தேட மாட்டார்கள்!

"திருடுனவன் இந்நேரம் ஜோடி சேத்திருப்பானுங்க மேடம்." முருகானந்தம் மேடையில் நிற்பவர் போலக் குரலை உயர்த்தினார். "ஆனா என் வெள்ளையப்பன் ரத்தம் இருக்கே… ராஜ ரத்தம்! எந்தப் பழுப்புப் பொட்டையோட சேத்தாலும் சரி, குட்டி அத்தனையும் பாலாட்டம் வெள்ளையாத்தான் பொறக்கும்!"

பேனா நின்றது.

"அத்தனையுமா?" பல்லிடுக்கில் கேட்டான் காளியண்ணன்.

"அத்தனையும்! உனக்கெங்க இதெல்லாம் புரியப் போகுது…"

பொன்னாயி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"பொய்யி!" மேஜையைக் குத்தினான். "பச்சப் பொய்யி! ராஜ ரத்தமாம் ராஜ ரத்தம்! எட்டுக் குட்டி… எட்டும் பழுப்பு! ஒண்ணுல கூட ஒரு பொட்டு வெள்ள இல்ல!"





"எட்டுன்னு…" சுகந்தி மெல்ல ஃபைலை மூடினாள். "உங்களுக்கு எப்படித் தெரியுங்க?"

காளியண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அது… வந்துங்க மேடம்… ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்குன்னா பத்துன்னு சொல்லியிருப்பீங்க. எண்ணிப் பாத்தவர்தான் எட்டும்பாரு. பாம்பு எங்க?"

"…மிளகு குடோன்லீங்க."

"குட்டிங்க?"

"அதுங்களும்."

"நல்லவேளை! நான் காலேஜ்ல படிச்சது விலங்கியல். அல்பினோ நிறம் அப்பன், ஆத்தா ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் வெளிய தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தா வெள்ளை உள்ளேயே ஒளிஞ்சுக்கும்; குட்டி பழுப்பாத்தான் இருக்கும். உங்க எட்டுக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கு. வளத்து, அதுங்களுக்குள்ளயே ஜோடி சேத்திருந்தா நாலுக்கு ஒண்ணு வெள்ளையா வந்திருக்கும்."

காளியண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்தச் சாணி உருண்டைகளா!

"திருடன் கையில பழுப்புக் குட்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் ஒரு தூண்டில் போட்டேன். காலைல வந்த மூணு பேரும் சார் பேசுனதக் கேட்டுட்டு 'அப்படீங்களா'ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சண்டைக்கு வந்தீங்க!"

சுகந்தி முருகானந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

"தேங்க்ஸ் சார். 'குட்டியெல்லாம் வெள்ளையாப் பொறக்கும்னு சொல்லுங்க'ன்னுதான் சொன்னேன். நீங்க ராஜ ரத்தம் அது இதுன்னு பின்னிட்டீங்க. கண்ணக்கூட சிமிட்டாம இப்படியொரு பொய்ய யாராலயும் சொல்ல முடியாது!"

முருகானந்தம் விழித்தார்.

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"ஏனுங்க மேடம்… அதுல… எதுங்க பொய்யி?"



முதலில் காளியண்ணனின் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கண்ணில் நீர் முட்ட, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்!

"இந்தாளப் பாத்தா… நான் இத்தன வருசமா பொறாமப்பட்டேன்!"

ரெண்டு கையையும் தானாகவே நீட்டினான்.

"மாட்டுங்க மேடம் விலங்க! ஜெயில் சோறா இருந்தாலும், இனிமே எனக்கு நல்லாச் செரிக்குமுங்க!"