நான்காவது 'நான்'

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

"டாக்டர் பேசறேன் மேடம். காலையில கொண்டு வந்தாங்களே, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்... அது ஹார்ட் அட்டாக் இல்ல. யாரோ மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்க!"

"என்ன மாத்திரை?"

"தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்? லேப் ரிப்போர்ட் வர சாயங்காலம் ஆகும். பெரியவர் அதுவரைக்கும் தாங்க மாட்டார். பேரைச் சொல்லுங்க, மாத்து மருந்து கைவசம் இருக்கு. நாற்பது நிமிஷம்... அவ்வளவுதான்!"

லைன் கட்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் மணி பார்த்தார். பதினொன்று இருபது.

அவர் நின்றுகொண்டிருந்ததே ஹெட்மாஸ்டரின் வீட்டு ஹாலில்தான். பத்து நாற்பதுக்கு ஸ்டேஷனுக்கு ஒரு மெயில் வந்திருந்தது.

'பெரியவர் விழுங்குவது அவருடைய மாத்திரை அல்ல. மகனைக் கேளுங்கள்.'

கையெழுத்து? மூச்!

மெயில் கிளம்பியது இந்த வீட்டு நெட் கனெக்‌ஷனிலிருந்து என்று மட்டும் தெரிந்தது. அனுப்பிய ஆளைப் பிடித்தால் மாத்திரையின் பெயரைப் பிடிக்கலாம்.

எதிரே மகன். மருந்துக்கடை வைத்திருப்பவர். ஃபேன் காற்றிலும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு மாத்திரை கொண்டு வர்றது யாரு?"

"என் கடையில இருந்துதான் மேடம். ஆனா சத்தியமா..."

பக்கத்தில் மனைவி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பாடம் நடத்துபவள். புருஷனைப் பார்த்த பார்வை சரியில்லை.

"என்னங்க... நீங்களா...?"

"அடிப்பாவி! மெயிலைப் போட்டதே நீதானே? வீட்டுல வேற யாரு இருக்கா?"

"எனக்கு மெயில் எதுக்கு? மாமாவுக்கு ஒண்ணுன்னா தெருவுல நின்னு கத்தியிருப்பேன்!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" இன்ஸ்பெக்டர் சீறினார். "எத்தனை கம்ப்யூட்டர் இருக்கு?"

"மூணு!"

அன்றைக்குக் கணவனும் மனைவியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மூலையில், ரூட்டர் பெட்டிக்குக் கீழே, நெட்காரர் உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்க கனெக்‌ஷன் கொடுப்பவர். கை வேலை செய்யும், வாய் ஓவர்டைம் செய்யும்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து மெயில் போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெளியே இருந்து பார்த்தா தெரியாது மேடம். உள்ளே பத்து கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே ஒரே அட்ரஸ்தான். யாரு என்ன பண்ணாங்கன்னு இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா."

மனைவி சொன்னாள். லேப்டாப் திரையில் கம்ப்யூட்டர் பெயர்களின் பட்டியல் விரிந்தது.

அப்பா.

அண்ணன்.

அண்ணி.

நெட்காரரின் வாய் முதல்முறையாக மூடிக்கொண்டது.

"மேடம்... நாலாவதா ஒண்ணு இருக்கு!"

"என்ன பேரு?"

"நான்."

"நீயா?"

"ஐயோ, நான் இல்ல மேடம்! கம்ப்யூட்டர் பேரே 'நான்'! பத்து நாற்பதுக்கு மெயில் போனது அதுல இருந்துதான்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யாரு அந்த நான்?"

"நான் இல்ல!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நானும் இல்ல!" என்றாள் மனைவி.

"இதுக்கு விடை தேடித்தான் மேடம் பல பேர் காட்டுக்கே போனாங்க," என்றார் நெட்காரர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பட்டியலையே முறைத்தார். ஒருமுறை... இருமுறை...

"உங்க மாமனாரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"மாமான்னு."

"அப்ப இந்தப் பேரெல்லாம் நீங்க வச்சதில்ல. உங்க புருஷன் வச்சிருந்தா 'அண்ணன்' எங்கிருந்து வரும்? உங்களை 'அண்ணி'ன்னு கூப்பிடற ஒரு ஆள்தான் வச்சிருக்கணும். சொல்லுங்க சார்... தம்பியா, தங்கச்சியா?"

மருந்துக்கடைக்காரர் இழுத்தார். "ஒரு தங்கச்சி... அவ வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு..."

"சார்! இந்தப் பெட்டியை நான் மாட்டினதே போன மாசம்தான்!"

மனைவிதான் முதலில் உடைந்தாள்.

"மாடி ரூம்ல இருக்கா மேடம். 'செத்தாலும் என் வாசப்படி மிதிக்கக்கூடாது'ன்னு மாமா சொல்லிட்டார். ரெண்டு மாசம் முன்னாடி போக்கிடம் இல்லாம வந்து நின்னா. மனசு கேக்கல. மாமாவுக்குத் தெரியாம வச்சிருக்கோம். கம்ப்யூட்டருக்குப் பேரு வச்சதும் அவதான்."

கூப்பிடவே தேவையில்லை. மாடிப்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் அழுகை.

"மெயில் போட்டது நான்தான் மேடம்! அண்ணன் மாத்திரையை மாத்தறதைக் கண்ணால பார்த்தேன்! பயந்து போய் மறைஞ்சிருந்தேன்..."

மருந்துக்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டவனுக்குக் கிடைத்த சம்பளம்! பாவமாக இருந்தது அந்த மனிதரைப் பார்க்க.

"என்ன மாத்திரை?"

"தெரியாதே மேடம்... வெள்ளையா, சின்னதா..."

உலகத்தில் பாதி மாத்திரைகள் வெள்ளையாக, சின்னதாகத்தான் இருக்கின்றன.

விலங்கு மருந்துக்கடைக்காரரின் கையில் ஏறியது.

"பேரைச் சொல்லுய்யா! உங்கப்பா அங்கே செத்துக்கிட்டிருக்கார்!"

"எனக்குத் தெரியாது மேடம்! தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எங்கப்பா மேடம் அவர்..."

பதினொன்று நாற்பத்தைந்து. இன்னும் பதினைந்தே நிமிஷம்!

நெட்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... அந்தம்மா பாடம் நடத்தறப்ப நெட் நின்னு போகுதுன்னு இங்கே தினமும் சண்டை. யாரு லைனைத் தின்றாங்கன்னு பார்க்க, போன வாரம் பெட்டியில பதிவு போட்டுவிட்டேன். எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்துக்குப் போச்சுன்னு எழுதி வைக்கும்."

"இதை இப்பச் சொல்றே? அண்ணன் கம்ப்யூட்டரைப் பாரு!"

"கிரிக்கெட்... கிரிக்கெட்... முடி கொட்டாம இருக்க மருந்து... திரும்பவும் கிரிக்கெட்..."

மருந்துக்கடைக்காரரே நெட்டில் மருந்து தேடியிருக்கிறார். அந்த நிலையிலும் அவர் வெட்கப்பட்டார்.

"அவ்வளவுதானா?"

"இதுல அவ்வளவுதான். ஆனா..." நெட்காரரின் விரல் நின்றது. "மேடம், 'நான்'ல பாருங்க. இதயத் துடிப்பைக் குறைக்கிற ஒரு மாத்திரை. அளவு மீறினா என்ன ஆகும்னு ஒரு பக்கம். ஆறு நாள்ல ஒன்பது தடவை!"

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்காத குறையாக எடுத்தார். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாக டாக்டருக்குச் சொன்னார்.

பிறகு மெல்லத் திரும்பினார்.

தங்கையின் அழுகை காணாமல் போயிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"அதெப்படி?" என்றாள் தங்கை. "வெளியே இருந்து பார்த்தா எல்லாம் ஒரே அட்ரஸ்தானே! எதுல தேடினதுன்னு கண்டே பிடிக்க முடியாதே..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

"வெளியே இருந்து பார்த்தாத்தான்மா. நாங்க வீட்டுக்குள்ளேதானே நிக்கறோம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மத்தியானம் மாமா தூங்கற நேரம், நான் பாடம் நடத்தறப்ப தண்ணி எடுக்கக் கீழே வருவாளே..." மனைவி தலையில் கை வைத்தாள். "மாத்திரை டப்பா அங்கேதான் இருக்கும்!"

"பெத்த அப்பாடி!" அண்ணன் கதறினார்.

"யாருக்கு அப்பா? எனக்கா? என்னை எப்பவோ செத்தவளாக்கிட்டார்! அவரும் போய், நீயும் ஜெயிலுக்குப் போனா, இந்த வாசப்படி எனக்குத்தான்னு..."

விலங்கு கை மாறியது.

பன்னிரண்டு பத்துக்குப் போன் அடித்தது.

"துடிப்பு திரும்பிடுச்சு மேடம். பிழைச்சுட்டார்!"

மருந்துக்கடைக்காரர் மனைவியின் தோளில் சாய்ந்து, ஓவென்று அழுதார். அவளும் அழுதாள்.

வாசலில் ஜீப் உறுமியது. தங்கை ஜீப்பின் படியில் கால் வைக்க மறுத்தாள்.

"எந்தக் கோர்ட்டுலயும் சொல்வேன்! நான் இல்ல! நான் இல்ல!"

இன்ஸ்பெக்டர் ரூட்டர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அதை மட்டும் சொல்லிடாதேம்மா... 'நான்'தான்னு நீயே பேர் வச்சிட்டே!"