நான்காம் படியைத் திருத்தியவர்

பல்லேகல கைத்தொழில் பேட்டைக்குப் பின்னால், மேட்டில் நின்ற பழைய பங்களா ஒன்றில்தான் அந்தக் கம்பனி இயங்கியது. கைரியா அலவத்துகொடயிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்த குடையோடு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. வேலையில் முதல் நாள்.

ஆஸ்பத்திரிகளில் நோயாளரின் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளைக் கம்பனி செய்து விற்றது. மென்பொருள் மாறும்போதெல்லாம் அதன் கையேட்டையும் மாற்றி எழுதவேண்டும். அதுதான் அவளுடைய வேலை.

"இதுக்கு முந்தி இராஜகுமாரின்னு ஒரு பிள்ளை செஞ்சிச்சி," என்றார் மேலாளர் மக்கீன். "ஹேவாஹெட்ட பக்கம். போன மாசம் மண்சரிவுல..."

முடிக்காமலே அவளைக் கூட்டிப்போய், மாடியில் ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

"இது அவட இடம்தான். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரில புதுப் பதிப்பு போடுறாங்க. கையேட்டுல நாலாம் படிய எடுத்துடுங்க."

நான்காம் படி ஒரே வரி. 'பழைய பதிவுகளைத் தனியாகப் பிரதி எடுத்த பிறகே தொடரவும்.'

"புதுசு தானாவே பிரதி எடுக்குமாம்," என்றார் மக்கீன்.

"போட்டுப் பார்த்தீங்களா நானா?" அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் கைரியா.

"செஞ்சவங்க சொன்னா போதும்தானே. நேரமில்ல."

கைரியாவும் போட்டுப் பார்க்கவில்லை. வரியை அழித்தாள். பக்கத்தின் அடியில் 'இறுதியாகத் திருத்தியவர்: கைரியா' என்று விழுந்தது. மக்கீன் கீழே இறங்கிப் போனார்.

மழை வலுத்தது. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டி, வெளியே இருந்த மரங்களை ஒவ்வொன்றாக மறைத்தது. அறைக்குள் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை பரவியது. ஈரமான, கனத்த வாடை. ஜன்னல் திறந்திருக்கிறதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது நான்காம் படி அதே இடத்தில் இருந்தது.

இறுதியாகத் திருத்தியவர்: இராஜகுமாரி. காலை 11.42.

சுவர்க் கடிகாரத்தில் 11.43.

கீழே ஓடினாள். மக்கீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"அவ கம்பியூட்டருக்குள்ள வார வழிய, செத்த அடுத்த நாளே மூடிட்டம். பழைய பக்கம் திரும்ப வந்திருக்கும். அழிச்சிடுங்க."

அவர் மாடிக்கு வரவில்லை.

அவள் மறுபடி அழித்தாள். இம்முறை கண்ணை எடுக்கவில்லை.

அவளுடைய கைகள் மடியில் இருந்தன.

விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன.

நான்காம் படி திரும்பி வந்தது. அதன் கீழே இன்னொரு வரியும்:

'போட்டுப் பார்த்தேன். அது பிரதி எடுப்பதில்லை.'

மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"மிஸ், ஆஸ்பத்திரி கம்பியூட்டர் பிரிவுல இருந்து தியாகராஜா பேசுறேன். நாளைக்கு கரண்ட் இல்லையாம், இன்னைக்கே ஆரம்பிச்சிட்டோம். மூணாவது படி முடிஞ்சிருச்சி. மக்கீன் சார் காலைல அனுப்புன புதுத் தாள்ல நாலாவது இல்லையே. பழசை அழிச்சிட்டு புதுச ஏத்தவா?"

ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவிட்ட செய்தி எட்டி, மக்கீன் மாடிப்படியில் வந்து நின்றார். ஏத்தச் சொல்லு என்று கையால் காட்டினார்.

"நிப்பாட்டுங்க," என்றாள் கைரியா. "முதல்ல பிரதி எடுங்க."

"நாலு மணித்தியாலம் ஆகுமே மிஸ்."

"ஆகட்டும்."

மக்கீன் கத்தினார். முதல் நாளே வேலை போய்விடும் என்றார். அவளுடைய கண்கள் விசைப்பலகையிலேயே இருந்தன.

ஐந்தரைக்குத் தியாகராஜா மறுபடி பேசினார்.

"ஏத்தின ஒடனே எல்லாம் வெறுமையாயிருச்சி மிஸ். யாருக்கு எந்த ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது, ஒன்னுமே இல்ல. அந்தப் பிரதி இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்!"

கைரியா சொன்னதைக் கேட்டு மக்கீன் கதிரையில் உட்கார்ந்தார்.

"இது பிரதி எடுக்காதுன்னு இராஜகுமாரி எனக்கும் சொன்னா," என்றார். "சாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி. நான் கேக்கல்ல."

புறப்படுமுன் கைரியா அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினாள்: 'எல்லாம் சரியாகிவிட்டது, இராஜகுமாரி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.'

மறுநாள் காலை வெயில் அடித்தது. அறையில் எந்த வாடையும் இல்லை. நிம்மதியோடு உட்கார்ந்து திரையைத் திறந்தாள்.

அவள் ஒருபோதும் திறந்திராத பக்கம் ஒன்று அங்கே இருந்தது. குழந்தைகள் வார்டில் மருந்தின் அளவை மாற்றிப் பதியும் முறை. ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி ஆறு நாளாகியிருந்தது.

அதன் அடியில் ஒரு வரி.

'இதுவும் பிழை.'

கைரியா மெல்லத் தட்டினாள்: 'வேறு எங்கே?'

விசைகள் அமுங்கத் தொடங்கின. பக்க எண்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக.

மத்தியானமாகியும் அவை நிற்கவில்லை.