வலப்பக்கம் திருகிய கை

"ஐயய்யோ... பாடி போச்சே!"

மாடிப்படிப் பக்கமிருந்து வந்தது அந்த அலறல்.

ஹாலில் மைக் பேச்சை நிறுத்தியது. கூட்டத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

மாப்பிள்ளை முதல் ஆளாக ஓடினான்.

ஓட வேண்டியவன்தான். அலறியது அவனுடைய வருங்கால மாமனார்!

படிக்கட்டின் அடியில் சேர்மன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். புகைப்படக்காரர்கள் சங்கத்தின் தலைவர். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லை என்பதால், பெயரை மறந்து எல்லோரும் சேர்மன் என்றே கூப்பிட்டார்கள்.

அவர் எதிரே... அது கிடந்தது.

குப்புற. அசைவில்லாமல். கழுத்து ஒரு பக்கமாகத் திருகியபடி...

"கொன்னுட்டாங்க மாப்ளே! கழுத்தைத் திருகி, மேலேருந்து தள்ளி விட்டுட்டாங்க!"

கூட்டத்தில் யாரோ ஒரு நல்ல உள்ளம் அதை அப்படியே போலீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டது.

ஜீப் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸும் வந்தது. இன்ஸ்பெக்டர் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க! பாடி எங்கே?"

"இதோ சார்..."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"யோவ்... இது கேமராய்யா!"

"கேமரா பாடிதான் சார்" என்றார் சேர்மன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லென்ஸைக் கழட்டிட்டா மிச்சம் இருக்கறதுக்குப் பேரு பாடி."

"கழுத்து?"

"லென்ஸ் மாட்டற வளையம் சார். எங்களுக்கு அதுதான் கழுத்து."

"உயிர் போயிடுச்சுன்னு சொன்னாங்களே?"

"என் உயிரே அதுதான் சார்!"

ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்த ஆம்புலன்ஸ் டிரைவர், கேமராவையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தணுமா சார்?"

"போய்யா நீ ஒருத்தன்!" இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். "பொய்த் தகவல் கொடுத்ததுக்கு உங்க சங்கத்தையே உள்ள தள்றேன் பாருங்க!"

"தள்ளுங்க சார். ஆனா மொதல்ல கொலைகாரனைத் தள்ளுங்க! இது தற்செயலா நடந்தது இல்ல. சதி! நீலத்தோட சதி!"

"யாரு நீலம்?"

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னதை வாசகருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

புகைப்படக்காரர்கள் உலகத்தில் இரண்டே கட்சி. பச்சைப் பட்டை கம்பெனி கேமராவைக் கழுத்தில் மாட்டியவர்கள் ஒரு கட்சி. நீலப் பட்டை கம்பெனி மறு கட்சி. பச்சையின் லென்ஸ் நீலத்தில் சேராது. நீலத்தின் பேட்டரி பச்சைக்குள் நுழையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், இருக்கிற சாமான் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், சிஸ்டம் மாறுவது.

அதைச் சொல்லும்போதே சில பேருக்குக் குரல் கம்மும்.

இது பச்சைச் சங்கம். இன்றைய கூட்டத்தின் ஒரே விவாதம், சங்கம் மொத்தமாக நீலத்துக்கு மாறலாமா, கூடாதா? எதிர்க்கட்சி சார்பில் பேச வந்திருந்தவர் டெமோ. நீலக் கம்பெனியின் கேமராவை ஸ்டூடியோ ஸ்டூடியோவாகத் தூக்கிக்கொண்டு போய், "சும்மா ஒரு தடவை கையில பிடிச்சுப் பாருங்க சார்" என்பவர். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டுக்கே மறந்திருக்கும்.

"நீலம்னா இருட்டுல கூட ஆளோட கண்ணைத் தேடி ஃபோகஸ் பண்ணும்!" என்று அவர் மைக்கில் முழங்கியிருந்தார்.

"பச்சையில வர்ற முகத்து நிறம் நீலத்துல வருமாய்யா? எல்லாரும் காமாலை வந்த மாதிரி இருக்கான்!" என்று கூட்டம் பதிலுக்குக் கத்தியிருந்தது.

"பழைய லென்ஸை எல்லாம் என்ன பண்றது?"

"நடுவுல ஒரு அடாப்டர் வளையம் போட்டு மாட்டிக்கலாம் சார்!"

"நடுவுல ஆள் வச்சு குடும்பம் நடத்தச் சொல்றியா?"

இந்த ரகளையின் நடுவில்தான் அந்த அலறல்!

"டெமோதான் சார் பண்ணியிருப்பான்! பிடிங்க அவனை!" என்றார் சேர்மன்.

"நானா?" டெமோ பதறினார். "நான் மைக்கை விட்டு நகரவே இல்லையே சார்! என்னை இறங்கச் சொல்லி இவங்கதான் கத்திக்கிட்டே இருந்தாங்க. இவங்களே சாட்சி!"

கூட்டம் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியது.

அப்போதுதான் சேர்மனின் மகள் முன்னால் வந்தாள். அப்பாவின் ஸ்டூடியோவில் பாதி வேலை அவளுடையது. அடுத்த மாதம் மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். இறந்து கிடந்ததைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"சார்... ஒரு நிமிஷம். லென்ஸைப் பிடிச்சு வைக்கற இந்தப் பூட்டு முள்ளைப் பாருங்க. வளைஞ்சிருக்கு. பச்சையில லென்ஸைக் கழட்டணும்னா இடப்பக்கம் திருகணும். இதை யாரோ வலப்பக்கம் திருகியிருக்காங்க. வரலேன்னதும் முரட்டுத்தனமா அழுத்தித் திருகியிருக்காங்க."

"அதனால?"

"நீலத்துலதான் சார் வலப்பக்கம் திருகிக் கழட்டணும். இது பச்சைக்காரன் கை இல்ல. நீலம் பழகின கை!"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும் நீலம் எந்தப் பக்கம் திருகும்னு?"

"அது... எங்கேயோ படிச்சேன் சார்."

ஹாலே அவளை மெச்சிக் கை தட்டியது.

ஒருவன் மட்டும் தட்டவில்லை.

மாப்பிள்ளை. அடிப்பாவி... கட்டிக்கப் போறவனையே மாட்டி விட்டுட்டியே!

ஏனென்றால்... மாப்பிள்ளை மூன்று மாதமாக நீலம்!

டெமோவிடம் கமுக்கமாக வாங்கியது. கூட்டத்துக்குப் பச்சையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான். வேலைக்குப் போனால் பையிலிருந்து நீலம் வெளியே வரும். இன்றைக்குக்கூட அது பைக் பெட்டிக்குள் இருந்தது. வெயிலில் வெந்துவிடுமே என்று விவாதத்தின் நடுவில் எழுந்துபோய், பைக்கை நிழலுக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தான். நீலப் பட்டைக்காரனுக்குத் தன் வீட்டில் பெண் கிடையாது என்பதைச் சேர்மன் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். தாம்பூலத்தட்டைக் கூட அவர் அவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்த வார்த்தையைத்தான் அழுத்திச் சொன்னார்.

"மீட்டிங் நடுவுல வெளியே போனது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலாபக்கமிருந்தும் விரல்கள் நீண்டன. மாப்பிள்ளையை நோக்கி!

"சார், நான் பைக்கைத்தான்..."

"பேச்சு வேண்டாம். இந்தாங்க பச்சைக் கேமரா. லென்ஸைக் கழட்டுங்க!"

மாப்பிள்ளை வாங்கினான். இடது... இடது... சோறு சாப்பிடாத கைப் பக்கம்... கடவுளே, இடது!

"நிச்சயம் ஆயிடுச்சாமே?" இன்ஸ்பெக்டர் சாதாரணமாகக் கேட்டார். "பொண்ணு எது?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான்.

அவளும் அவனைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

கை தன்பாட்டுக்குத் திரும்பியது.

டக்!

வலப்பக்கம்!

"நீலம்..." சேர்மன் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் வீட்டுக்குள்ள... நீலமா?"

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க! பச்சை கண்ணைப் பிடிக்க மாட்டேங்குது மாமா! ஒரு கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டுப் பின்னாடி இருந்த ஃபேனைப் பிடிச்சுது. ஆல்பம் பூரா ஃபேன் பளிச்சுனு இருக்கு!"

"ஃபோகஸ் பண்ண வேண்டியது கேமராவா, நீயா?"

"மாறினது தப்புதான் மாமா. ஆனா இந்த பாடியை நான் தொடவே இல்ல. சத்தியமா!"

"நீ பேசாதே! கல்யாணம் நின்னு போச்சு!"

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினான். அவள் முகம் வெளிறியிருந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேமராவை விட்டுக்கொடுத்திருக்கலாம். இவளை விட்டுக்கொடுக்க முடியாதே...

சேர்மன் மேடை ஏறினார். டெமோவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க! இந்த ஹால்ல ஒரே ஒரு நிஜமான பச்சைக்காரன் இருந்தாலும் சரி, அவனுக்குத்தான் என் பொண்ணு! எடுங்கய்யா கேமராவை! பச்சைக்காரன் கை எப்படித் திரும்பும்னு இந்த இன்ஸ்பெக்டருக்குக் காட்டுங்க! எங்கே... என்னைப் பாருங்க... இப்படி!"

கழுத்தில் கிடந்த தன் இன்னொரு பச்சைக் கேமராவின் லென்ஸை ஆவேசமாகப் பிடித்துத் திருகினார்.

டக்!

வலப்பக்கம்!!

சேர்மன் தன் கையைத் தானே பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது போல.

பிறகு...

டக்.

டக்... டக்.

டக்டக்டக்டக்...

தலைவர் சொன்னதைத் தட்டாமல் செய்த அத்தனை கைகளும் வலப்பக்கம் போய் முட்டி நின்றன. முன்வரிசை, பின்வரிசை, பொருளாளர், துணைப் பொருளாளர்... அத்தனை பேரும் நீலம்!

மாப்பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு டக் கேட்டது.

"நீயுமா?" என்றான் அவளிடம்.

"ஒரு வருஷமாச்சு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ பச்சைனு நினைச்சேன். சொன்னா விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவனுக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போலீஸ் இருந்ததால் அடக்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மேடைக்குப் போனார்.

"சேர்மன் சார்... அப்போ மாடியில?"

"நான்தான்." சேர்மன் நாற்காலியில் சரிந்தார். "வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு நீலத்துலதான் சார் எடுக்கறேன். இன்னைக்கு நீலத்தைத் திட்டிப் பேசறதுக்கு முன்னாடி, மேலேருந்து கூட்டத்தை ஒரு படம் எடுக்க லென்ஸ் மாத்தலாம்னு மாடிக்குப் போனேன். கை பழக்கத்துல வலப்பக்கம் போச்சு. வரலை. கோவத்துல இன்னும் பலமா திருகினேன். லென்ஸ் பிச்சுக்கிட்டு என் கையில நின்னுடுச்சு. பாடி உருண்டு கீழே..."

"அப்புறம் ஏன்யா கொலைன்னு ஊரைக் கூட்டினீங்க?"

"பச்சைச் சங்கத் தலைவருக்கே பச்சையைக் கழட்டத் தெரியலேன்னு நான் எப்படி சார் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஆக, இங்க பச்சைக்காரன்னு ஒருத்தன்கூடக் கிடையாது. அப்படித்தானே?"

க்ளிக்.

மிருதுவான, சுத்தமான ஒரு சத்தம்.

எல்லோரும் திரும்பினார்கள். மைக் பக்கத்தில், வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் டெமோ. மேஜை மேல் கிடந்த யாருடைய பச்சைக் கேமராவோ அவர் கையில் இருந்தது. லென்ஸ் தனியாக, பாடி தனியாக. குனிந்துகூடப் பார்க்காமல் கழற்றியிருந்தார்.

இடப்பக்கம்!!!

"டெமோ... நீ?" சேர்மன் எழுந்தே விட்டார்.

டெமோ கேமராவைச் சட்டென்று கீழே வைத்தார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"நீலம் விக்கறவனாச்சேய்யா நீ!"

"விக்கறது நீலம்தான் சார். வச்சிருக்கறது பச்சை. அதைக் கையில பிடிச்சா ஒரு திடம் இருக்கு பாருங்க... கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கு அன்றைய தினத்தில் முதல் தடவையாகக் குஷி பிறந்தது.

"சேர்மன் சார், மைக்ல ஏதோ சபதம் போட்டீங்களே... ஒரே ஒரு பச்சைக்காரன் இருந்தாலும் பொண்ணு அவனுக்குத்தான்னு?"

சேர்மன் மைக்கை முறைத்தார்.

"சொன்னா... சொன்னதுதான் சார்."

"அப்பா!" என்று கத்தினாள் மகள்.

மாப்பிள்ளை ஒரே பாய்ச்சலில் மேடை ஏறி டெமோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே! நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. என் உசுரு உங்க வாயிலதான் இருக்கு!"

"அவன் வேண்டாம்னுட்டா எனக்கு மட்டும் வேற வழி என்ன இருக்கு?" என்று சேர்மன் முனகினார். "எல்லாப் பயலும் நீலம். இருக்கற நீலத்துல மாப்ளையே தேவலைன்னு கட்டி வைக்க வேண்டியதுதான்."

ஹால் மொத்தமும் டெமோவின் வாயையே பார்த்தது.

டெமோ நிதானமாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு வீட்ல ஒருத்தி இருக்கா. கேமரா வேணா ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சுக்குவேன்... ஆனா பொண்டாட்டி விஷயத்துல சிஸ்டம் மாறினா, திருகறது லென்ஸை இல்ல சார், என் கழுத்தை!"