8114-இல் காணாமல் போன புட்டி

காலை 9:52. தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்த மார்லிஸ், கட்டிலோரத்து மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மாத்திரைப் புட்டியைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் தேடினாள். குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. சோபா முன்னால் விளையாடப் பரப்பி வைத்திருந்த சீட்டுகள் வாசல் பக்கத் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. கப்பல் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேல்தளத்திலிருந்து அவள் கணவன் கோர்டி இறங்கி வந்தார். காலி மேசை அவர் கண்ணிலும் பட்டது.

"எங்க புட்டி?"

"கிடைக்கும், விடு."

"விடவா? உன் இதயத்து மாத்திரை அது! நடுக்கடல்ல எங்க போய் வாங்குறது?" ஃபோனை எடுத்துவிட்டார்.

மின்னசோட்டாவிலிருந்து நாலு நாள் காரோட்டி சியாட்டில் வந்து, அங்கே பனியாறு பார்க்கப் போகும் கப்பலில் ஏறி இன்றோடு ஆறாவது நாள். 8114-ஆம் அறையில் கணவனும் மனைவியும். அடுத்த 8116-இல் மார்லிஸின் நாற்பது வருடத் தோழி ஜெனட். கணவனை இழந்தவள், ஓய்வுபெற்ற நர்ஸ். ஏறிய அன்றே அறைப் பணியாளன் கோமாங்கிடம் சொல்லி, இரண்டு பால்கனிகளுக்கும் நடுவிலிருந்த தடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். காலைக் காப்பி அங்கேதான், மூன்று பேருக்கும்.

10:15. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வெஸ்னா வந்தாள். குரோஷியாக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். சிதறிய சீட்டுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஒன்பதரைக்கு, குளிக்கப் போறப்ப."

"எத்தனை மாத்திரை இருந்துச்சு?"

"கிளம்புற அன்னைக்கு ஒரு மாசத்துக்கு வாங்கினேன். இருபது மிச்சம் இருக்கும்." மார்லிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பால்கனிக் கதவு?"

"நல்லா சாத்திட்டுத்தான் போனேன், ஐஸ் காத்து. வெளிய வந்தப்பவும் சாத்தியே இருந்துச்சு. தாழ் போடல."

வாசல் கதவு மின்பூட்டின் பதிவில், ஒன்பதரைக்குப் பிறகு மார்லிஸ் வெளியே வரும்வரை ஒரே ஒரு சாவிதான் விழுந்திருந்தது. 9:36. கோமாங்கின் சாவி.

"அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு!" கோர்டி துள்ளினார். "அவனைப் பிடிங்க!"

பாலித்தீவுக்காரன் கோமாங்கைக் கூட்டி வந்தார்கள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அம்மா மேல போயிட்டாங்கன்னு நினைச்சுத் திறந்தேன். காத்து ஊளையிட்டுச்சு. சீட்டெல்லாம் பறந்து வந்து கால்ல அடிச்சுது, குனிஞ்சு அதைத்தான் பாத்தேன். உள்ள தண்ணி சத்தம் கேட்டதும் கதவை விட்டுட்டேன், தானே சாத்திக்கிச்சு. நான் உள்ள கால் வைக்கல, மேடம்."

"கதை விடுறான்," என்றார் கோர்டி.

திருட்டு என்று எழுதினால், நாலு மணிக்கு ஜூனோ துறைமுகத்தில் அவனை இறக்கிவிடுவார்கள். பிறகு எந்தக் கப்பலும் சேர்க்காது. அது அவனுக்கும் தெரியும், வெஸ்னாவுக்கும் தெரியும்.

சத்தம் கேட்டு வந்து பால்கனிக் கதவில் சாய்ந்திருந்த ஜெனட் வாயைத் திறந்தாள். "கோமாங் அப்படிப்பட்ட ஆள் இல்ல. முதல்ல இவளை டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க. ஒரு புட்டி நிறைய மாத்திரை போயிருக்கு, இங்க நின்னு சண்டை போட்டுக்கிட்டு!"

"நான் எந்த டாக்டர்கிட்டயும் வரல," என்றாள் மார்லிஸ். "இன்னும் ஒரு மணி நேரத்துல பனியாறு வந்துடும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சிழுத்தாள்.

வெஸ்னா சீட்டுகளைப் பொறுக்கி, பழையபடி பரப்பினாள். வாசல் கதவைத் திறந்தாள். ஒன்றும் அசையவில்லை. கோமாங்கை அந்தக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பால்கனிக் கதவையும் திறந்தாள். விசில் போல ஒரு சத்தம். சீட்டுகள் வாசலை நோக்கிப் பறந்தன.

மணி 10:50.

"ரெண்டு கதவும் ஒரே சமயத்துல திறந்திருந்தாத்தான் இது நடக்கும்," என்றாள் வெஸ்னா. "வாசல் கதவு விட்டா தானே சாத்திக்கும். மாத்திரை எடுக்க வந்தவனா இருந்தா, வாசல் கதவைப் பிடிச்சுக்கிட்டே பால்கனிக் கதவை எதுக்குத் திறக்கணும்? கோமாங் வாசல்ல நின்னப்ப பால்கனிப் பக்கம் வேற ஒரு ஆள் இருந்தாங்க. அந்தப் பால்கனிக்கு வெளியிலேர்ந்து ஒரே வழிதான். 8116."

கோர்டி மெல்லத் திரும்பினார். "அங்க ஜெனட் மட்டும்தானே..."

"இருபதுதான் மிச்சம்னு மார்லிஸ் சொன்னாங்க. நீங்க 'ஒரு புட்டி நிறைய'ன்னீங்க, ஜெனட். அது நிறைஞ்சிருந்தது எடுத்த கைக்குத்தானே தெரியும்?"

ஜெனட் மறுக்கவில்லை. ஸ்வெட்டர் பையிலிருந்து புட்டியை எடுத்து கோர்டியின் கையில் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க. முப்பதும் இருக்கு. பத்து நாளா ஒண்ணு கூட முழுங்கல இவ."

கோர்டி மனைவியைப் பார்த்தார். மார்லிஸ் வெடித்தாள். "அதைப் போட்டா அரை மணிக்கொரு தரம் பாத்ரூம்! நாலு நாள் கார்ல, எங்க இறங்குறது? அப்புறம் நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன்."

"நல்லாவா இருக்கே?" என்றாள் ஜெனட். "காலைப் பாருடி, எப்படி வீங்கியிருக்கு! படுத்தா மூச்சு முட்டுதுன்னு நாற்காலியில உக்காந்தே தூங்குறே. கெஞ்சினேன். கோர்டிகிட்ட சொன்னா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னே. புட்டி தொலைஞ்சா அவரே உன்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவாருன்னு நினைச்சேன். எடுத்துட்டுத் திரும்புறப்ப வாசல் திறந்துச்சு, பதறிப்போய் பால்கனிக் கதவைச் சாத்திட்டு ஓடிட்டேன்."

"நான் இறங்கிப் போயிருப்பேனே, அம்மா," என்றான் கோமாங் ஜெனட்டிடம்.

"போக விட்டிருக்க மாட்டேன்ப்பா."

"அது எனக்குத் தெரியாதே."

ஜெனட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கோர்டி கோமாங்கின் எதிரில் போய் நின்றார். "என்னை மன்னிச்சுக்கோப்பா. அத்தனை பேர் எதிர்ல கத்திட்டேன்." அத்தனை பேர் எதிரிலேயே சொன்னார். கோமாங் தலையசைத்தான், சிரிக்கவில்லை.

11:40. நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார் கப்பல் மருத்துவர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. பிராணவாயுக் குழாயை மாட்டினார். ஜூனோவில் ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று.

வெஸ்னா தன் குறிப்பேட்டில், "புட்டி கிடைத்தது. பணியாளர் மேல் குற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வெளியே நீலப் பனிச்சுவர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் ஜனங்கள் ஆரவாரித்தார்கள். கீழே ஜன்னலில்லாத மருத்துவ அறையில், சக்கர நாற்காலியில் இருந்த மார்லிஸுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நீ திருடிடி," என்றாள் ஜெனட்டிடம்.

"ஆமா."

"பனியாறு போச்சு."

"ஆமா."

மார்லிஸ் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரின்னாலே கோர்டி அழுதுடுவார். என்னால அவரைச் சமாளிக்க முடியாது," என்றாள் மார்லிஸ். "போய் உன் பெட்டியைக் கட்டு. நீயும் இறங்குறே."